கல்லில் மிச்சமிருந்த ஒரு வெற்றி

கார்வின் பல்கலைக்கழகத்து ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு இந்த வருஷம் நூறு வயது நிறைகிறது. அதில் தொண்ணூற்றொன்பது வருஷம் முழுசாக நடந்தது. 1988-89 மட்டும் அரைகுறையாக நடந்தது. அந்த வருஷம் முப்பத்திரண்டு ஆட்டம் ஆடி இருபத்தேழில் ஜெயித்தோம், ஐந்தில் தோற்றோம். ஜெயித்த இருபத்தேழும் நடக்கவில்லை. தோற்ற ஐந்தும் நடந்தன. இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. பல்கலைக்கழகம் அச்சடித்தே வைத்திருக்கிறது.

நான் எல்டன் ப்ரூயிட். பகலில் எங்கள் ஊர் இரும்புக்கடை. ஆட்டம் இருக்கிற நாட்களில் மைதான ஓரத்து மேசையில் உட்கார்ந்து கடிகாரம் ஓட்டுகிறவன். நடுவர் விசில் ஊதினால் நிறுத்துவேன். உள்ளே எறிந்த பந்தை ஒருவன் தொட்டதும் பொத்தானை அழுத்தி ஓடவிடுவேன். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு ஆட்டம் தவறியதில்லை. கல்யாணத்தைக்கூட ஆட்டமில்லாத ஆகஸ்டு மாதத்தில் வைத்துக்கொண்டேன். நடக்காத அந்த இருபத்தேழு ஆட்டங்களிலும் நான் அந்த நாற்காலியில்தான் இருந்தேன். என்ன பார்த்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது.

வெற்றிகள் எப்படிக் காணாமல் போயின என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அணியில் ஏழடிக்கு ஒரு பையன் இருந்தான். அவனுடைய வரலாற்றுப் பரீட்சையைப் பயிற்சியாளர் ஸ்ட்ரவுடின் மைத்துனி எழுதிக் கொடுத்திருக்கிறாள். மூன்று வருஷம் கழித்து விஷயம் வெளியே வந்தது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசியச் சங்கத்துக்கு ஒரு விதி உண்டு. தகுதியில்லாத ஒருவன் மைதானத்தில் கால் வைத்திருந்தால், அந்த ஆட்டத்தில் கிடைத்த வெற்றி அழிக்கப்படும். வெற்றி மட்டும்தான், தோல்வி அப்படியே இருக்கும். அழித்த வெற்றி எதிராளிக்கும் போகாது. அவன் தோற்றது தோற்றதுதான். ஆகவே லாத்ராப் கல்லூரி அந்த பிப்ரவரியில் எழுபதுக்கு எழுபத்தொன்று என்ற கணக்கில் யாரிடமும் தோற்காமல் தோற்றது. ஸ்ட்ரவுட் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றுக்கு இரண்டு மடங்கு சம்பளத்தில் போனார். பிறகு அவருக்கு அரங்க வாசலில் வெண்கலச் சிலை வைத்தார்கள். சிலை வெற்றி ஆகாது என்பதால் அதை எந்த விதியும் தொடவில்லை.

அந்த லாத்ராப் ஆட்டத்தில்தான் கென்ட் க்ரைடர் செத்துப்போனான்.

இருபது வயது. இடைவேளையில் நெஞ்சை இறுக்குகிறது என்று ஸ்ட்ரவுடிடம் சொல்லியிருக்கிறான். "இறுக்குறது நெஞ்சா, பயமா?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறார் அவர். இரண்டாம் பாதி இருபது நிமிஷமும் ஆடினான். கடைசி நாலு விநாடி, நாங்கள் ஒரு புள்ளி பின்னால். எங்கள் கூடைக்கடியில் பந்தை வாங்கி, முழு மைதானத்தையும் ஓடிக் கடந்து, அங்கே கூடையில் போட்டுவிட்டு அப்படியே விழுந்தான். ஆட்டம் முடிந்த சங்கு ஊதிற்று. எட்டாயிரம் பேர் எழுந்து கத்தினார்கள். அவன் எழவில்லை. சந்தோஷத்தில் படுத்திருக்கிறான் என்று நினைத்து இரண்டு பையன்கள் அவன்மேல் விழுந்து கட்டிப்பிடித்தார்கள்.

அவனுடைய அப்பா வெண்டல், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் வெட்டியவர். ஒரே பிள்ளை. அவனைத் தன் தாய் தகப்பன் பக்கத்தில் ஊர் மயானத்தில் புதைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பல்கலைக்கழகம் விடவில்லை. கென்ட் என்றென்றைக்கும் கார்வினின் மகன் என்று அப்போதைய தலைவர் தேவாலயத்தில் நாற்பது நிமிஷம் பேசி, வளாகத்துக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுத்தார். பேசத் தெரியாத மனிதர் என்ன செய்வார், சரி என்றார். கல்லை மட்டும் தன் கையால் செதுக்கினார். மேலே பிள்ளையின் பெயர், இரண்டு வருஷ எண்கள். கீழே ஒரே வரி: கார்வின் 71, லாத்ராப் 70. வேறு எதுவும் இல்லை. வேதவசனம் எழுதுகிற ஆள் இல்லை அவர்.

நூற்றாண்டு வந்தது. கூடவே 'நூற்றாண்டு வரலாற்றுத் தூய்மைக் குழு' என்று ஒன்றும் வந்தது. அதன் தலைவர் பிரஸ்டன் ஹேவர்கேம்ப், விளையாட்டுத் துறைக்குத் துணைத்தலைவர். வாழ்நாளில் ஒரு பந்தையும் கையால் தொடாதவர். நூறு வருஷ வரலாற்றைப் புத்தகமாகப் போடப் போவதாகவும், அதற்கு முன் தேசியச் சங்கம் ஒருமுறை வந்து பார்க்கும் என்றும், வளாகத்தில் நடக்காத வெற்றியின் சுவடு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றும் அறிவித்தார். அறிவித்த கூட்டத்தில் அவர் சொன்னதை நான் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

"வரலாறுன்னா நடந்ததைச் சொல்றதுன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. நடந்ததா சொல்ல நமக்கு எதுக்கு அனுமதி இருக்கோ, அதைச் சொல்றதுதான் வரலாறு."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், பொய் சொல்வானேன்.

முதலில் அரங்கக் கூரையில் தொங்கிய கொடியில் அந்த வருஷத்தைக் கத்தரியால் வெட்டி எடுத்தார்கள். கொடியில் ஒரு சன்னல் விழுந்தது. பிறகு சோளப்பொரி டப்பாவில் அச்சிட்டிருந்த '27' என்ற எண்மேல் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். எங்கள் அணிக்குக் கோவேறு கழுதைகள் என்று பெயர். அந்தக் காலத்தில் மைதானத்தைச் சுற்றி வந்த நிஜக் கோவேறு கழுதையைப் பஞ்சடைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அது இருபத்தேழு வெற்றியைப் பார்த்த கழுதை என்பதால் அதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்கள். முடிதிருத்தும் ஓட்டிஸ் கடைச் சுவரிலிருந்த அணிப் படத்துக்குத் துண்டு போட்டு மூடச் சொல்லி அவருக்குக் கடிதம். அந்த வருஷம் ஒரு ஆட்டத்தின் இடைவேளையில் மண்டியிட்டுப் பெண் கேட்ட டுவெய்னுக்கும் அவன் மனைவி மார்சியாவுக்கும் ஒரு கடிதம். இனிமேல் அதை 'ஒரு சாயங்காலம்' என்று மட்டும் குறிப்பிடும்படி கேட்டுக்கொண்டிருந்தார்கள். மார்சியா படித்துவிட்டு, அப்படியானால் தனக்குக் கல்யாணமே ஆகவில்லையா என்று விசாரித்தாள். குரலில் கொஞ்சம் நம்பிக்கை இருந்ததாக டுவெய்ன் சொன்னான்.

ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் மனிதனைக் கடித்தார்கள். ஜனவரியில் ஒரு நாள் வெண்டல் என் கடைக்கு வந்தார். எழுபத்தொன்பது வயது. தொப்பியைக் கழற்றி, அதற்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

"எல்டன், இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா. நான் ரெண்டு தடவ படிச்சேன். எனக்குப் புரிஞ்சது சரியா இருக்காதுன்னு தோணுது."

அவருக்குப் புரிந்தது சரியாகத்தான் இருந்தது. பல்கலைக்கழக நிலத்தில் நடக்காத வெற்றி ஒன்றைக் குறிக்கும் பொருள், வரிசை எண் 114, முப்பது நாளுக்குள் திருத்தப்படவோ அகற்றப்படவோ வேண்டும். பொருள் என்பது கென்டின் கல்லறைக் கல்.

அதைப் பற்றிக் குழு வைத்த விசாரணைக்கு அவரோடு நானும் போனேன். ஒரு நீள மேசை, கோவேறு கழுதை உருவத்தில் செய்த பிஸ்கட், காப்பி. ஹேவர்கேம்ப் நடுவில். பக்கத்தில் லெனோர் டிஸ்டேல் என்ற விதி அதிகாரி, கையில் அளவு நாடாவும் கேமராவும். கல்லை ஏற்கெனவே அளந்துவிட்டு வந்திருந்தார். எழுத்தின் உயரம் இரண்டேகால் அங்குலம் என்று வாசித்தார்.

ஹேவர்கேம்ப் முதலில் அனுதாபம் தெரிவித்தார். எதற்கு என்று சொல்லவில்லை, சொன்னால் விதி மீறல். பிறகு, அந்தத் தேதியில் கார்வினுக்கு எந்த ஆட்டமும் பதிவில் இல்லை என்பதை மென்மையாக விளக்கினார். வெண்டல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"ஆட்டம் நடக்கல?"

"பதிவுப்படி நடக்கல, மிஸ்டர் க்ரைடர்."

"அப்ப என் பையனத் திருப்பிக் குடுத்துருங்க. அன்னிக்குச் சாயங்காலம் ஆட்டத்துக்குன்னு சொல்லிட்டுத்தான் வீட்ட விட்டுப் போனான்."

டிஸ்டேல் எழுதிக்கொண்டார். பின்னால் நடவடிக்கைக் குறிப்பில் பார்த்தேன்: 'திரு. க்ரைடரின் கோரிக்கை குழுவின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. மாணவர் நலத் துறைக்கு அனுப்பப்படுகிறது.'

வெண்டல் விடவில்லை. இடைவேளையில் பையன் நெஞ்சு வலி என்று சொன்னதையாவது அந்தப் புத்தகத்தில் போடுவார்களா என்று கேட்டார். ஹேவர்கேம்ப் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி முன்னால் சாய்ந்தார்.

"பாருங்க, ஆட்டமே இல்லாதப்ப இடைவேளையும் இல்ல. இடைவேளை இல்லைன்னா, அங்க யாரும் யார்கிட்டயும் எதுவும் சொல்லல. யாரும் எதையும் கேக்காம விடவும் இல்ல. இது எல்லாருக்குமே ஒரு நிம்மதிதானே. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மறைத்துவிட்டு, சோறு சாப்பிடுகிறவனுக்கு நிம்மதி என்று சொல்வதை அன்றுதான் பார்த்தேன்.

டிஸ்டேல் மாற்று வழிகள் வைத்திருந்தார். ஒன்று, சங்கத்தார் வரும் நாட்களில் கல்லுக்கு மரப்பெட்டி போட்டு மூடுவது. இரண்டு, எழுபத்தொன்றின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி செதுக்கி, கல்லின் காலடியில் இன்னொரு சின்னக் கல் நட்டு அதில் அடிக்குறிப்பு எழுதுவது. அடிக்குறிப்புக் கல்லைப் பல்கலைக்கழகமே செய்து தரும். பிறகு வருத்தத்தோடு சொன்னார்.

"உங்க துரதிர்ஷ்டம், அது ஜெயிச்ச ஆட்டமாப் போச்சு. தோத்திருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல. தோல்வி எல்லாம் நம்ம பதிவுல பத்திரமா இருக்கு. தம்பியோட படம் புத்தகத்துல வந்திருக்கும். சுவர்லகூடப் பேரு வந்திருக்கும். ஒரு புள்ளிதான், பாவம்."

அப்போதுதான் நான் எழுந்தேன். முப்பத்தாறு வருஷமாக ஒரு ஆளிடமும் சொல்லாததைப் போயும் போயும் அந்த மேசையில் சொன்னேன்.

கடைசி நாலு விநாடி. பந்தைக் கென்ட் தொட்டதும் நான் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். அழுத்தவில்லை. கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்தபடி கொஞ்சம் பொறுத்தேன். எங்கள் பக்கம் எல்லாக் கடிகாரக்காரனும் சொந்த ஊர் அணிக்குச் செய்கிறதுதான். யாரும் கற்றுக்கொடுப்பதில்லை, யாரும் கேட்பதுமில்லை. அரை விநாடி இருக்கும். பந்து அவன் கையை விடுவதற்கு முன்பே நியாயமாக ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். அது செல்லாத கூடை. நாங்கள் தோற்றோம், அறுபத்தொன்பதுக்கு எழுபது.

நான் சொன்னது என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்து. வேலையை விட்டு அனுப்புவார்கள் என்றுகூட நினைத்தேன். ஹேவர்கேம்ப் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நூறு வருஷத்துல எங்களுக்கு ஒரு தோல்வி கூடியிருக்கு, மிஸ்டர் ப்ரூயிட். இந்த மாதிரி நல்ல செய்தி எங்களுக்கு வந்ததே இல்ல."

அரை மணி நேரத்தில் தீர்மானம் தயாரானது. அந்தத் தேதியில் ஆட்டம் நடந்தது. கார்வின் தோற்றது. கென்ட் க்ரைடர் அந்த ஆட்டத்தில் இருந்தான், ஆகவே செத்தான். அவன் இடைவேளையில் சொன்னது பற்றி மட்டும் பதிவில் ஆதாரம் கிடைக்கவில்லை. கல்லில் எழுபத்தொன்றை அறுபத்தொன்பது என்று திருத்தினால் போதும்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கார் கதவைத் திறக்காமல் வெண்டல் நின்றார்.

"எனக்காகப் பொய் சொன்னியா?"

இல்லை என்றேன். நிஜமாகவே பொத்தானை அழுத்தாமல் பொறுத்திருந்தேன் என்றேன். அந்த அரை விநாடி இல்லாவிட்டால் அவன் அத்தனை தூரம் ஓடியிருக்க மாட்டானோ என்று ராத்திரி ராத்திரியாக யோசித்ததையும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

பதினோரு நாள் அவரிடமிருந்து பேச்சில்லை. அதற்குள் உலகம் சந்தோஷமாக நடந்தது. புத்தகம் அச்சுக்குப் போயிற்று. 1988-89க்கு உரிய பக்கத்தில் ஆறு தோல்வி, பூஜ்ய வெற்றி, நடுவில் கென்டின் படம். கீழே, 'காலம் கடந்து விழுந்த பந்து' என்று தலைப்பு. லாத்ராப் கல்லூரி தன் பழைய ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்து, முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தைய வெற்றிக்குத் தீயணைப்பு வண்டிமேல் ஏற்றி ஊர்வலம் விட்டது. அதில் ஒருவருக்கு இரண்டு முழங்காலும் போய், ஏணி வழியாகத் தூக்கி ஏற்றினார்கள். எனக்கு நேர்மைப் பதக்கம் என்று கடிதம் வந்தது. நூற்றாண்டு ஆட்டத்தின் இடைவேளையில், ஸ்ட்ரவுட் கையால் தருவார்களாம்.

அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். எனக்கு அவமானமாக இருந்தது. அந்தப் பையனின் கடைசிக் கூடையை எடுத்து அவர்கள் கையில் கொடுத்தது நான்தான்.

நூற்றாண்டு ஆட்டத்தன்று காலையில் தொலைபேசி அடித்தது.

"கடையில நல்ல கம்பி பிரஷ் இருந்தா எடுத்துக்கிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு வா," என்றார் வெண்டல். "ஒரு தெர்மாஸ்ல காப்பியும்."

போனேன். அவர் ஒரு பழைய மெத்தையைப் பனிமேல் போட்டு மண்டியிட்டிருந்தார். உளியும் மரச் சுத்தியலும் பக்கத்தில். பல்கலைக்கழகம் ஆள் அனுப்புவதாகச் சொன்னதாம், வேண்டாம் என்றுவிட்டாராம். எண்ணைத் திருத்தப் போகிறார் என்று நினைத்தேன். பார்க்க மனம் வராமல் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

"இங்க பாருப்பா," என்றார். "நீ விட்டது அரை விநாடி. அந்த ஸ்ட்ரவுட் விட்டது இருபது நிமிஷம். எனக்குக் கணக்குத் தெரியும்."

அவர் உளியை எண்மேல் வைக்கவில்லை. அதற்கு இடப்பக்கம், 'கார்வின்' என்ற சொல்லின்மேல் வைத்தார்.

மதியம் தாண்டிவிட்டது. அந்தச் சொல் இருந்த இடத்தை ஒரு விரல் ஆழத்துக்குச் சமமாக இறக்கினார். நான் தூசியைப் பிரஷால் தள்ளிக்கொண்டே இருந்தேன். பிறகு அந்தப் பள்ளத்தில் புதிதாக எழுத்து வெட்டினார். கார்வின் ஆங்கிலத்தில் ஆறெழுத்து, இது நாலுதான். இரண்டு பக்கமும் கொஞ்சம் வெறும் இடம் மிஞ்சியது.

ஐந்து மணிக்கு டிஸ்டேல் நாடாவும் கேமராவுமாக வந்தார். குனிந்து படித்தார்.

கென்ட் 71, லாத்ராப் 70.

ரொம்ப நேரம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கையுறையைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் புரட்டினார். பல்கலைக்கழகத்தின் பெயர் கல்லில் எங்கேயும் இல்லை என்பதை மேலும் கீழும் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

"கென்ட்ங்கிறது சங்கத்துல பதிவான உறுப்பினர் இல்ல," என்றார் கடைசியில். "உறுப்பினரா இல்லாதவங்க ஜெயிக்கிறதப் பத்தி எங்களுக்கு விதி எதுவும் இல்ல."

"அப்ப சரிதானேம்மா?" என்றார் வெண்டல்.

"சரிதான்."

பொருள் எண் 114க்கு நேரே டிக் அடித்தார். படம் எடுத்தார். ஆட்டம் தொடங்கப் போகிறது, கடிகாரத்துக்கு ஆள் வேண்டுமே என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அரங்கத்தில் வாத்தியம் ஆரம்பித்தது. வெண்டல் தெர்மாஸ் மூடியில் எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, புது எழுத்துக்குள் படிந்திருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டிருந்தார். மெத்தையில் இன்னொரு ஆளுக்கு இடம் இருந்தது. உட்கார்ந்தேன். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் போகாமல் விட்ட முதல் ஆட்டம் அது.